ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம்: தற்செயலாகக் கண்டதைக் கணினி எப்படித் தேடிப் பிடிக்கிறது?

என் சித்தப்பாவுக்கு ஒரு நாள் நடுச்சாமத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு துடிக்கிற அளவுக்கு வலி. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அவசர சிகிச்சைப் பிரிவில் உடனே சிடி ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க்குழாயில் 5 மில்லிமீற்றர் கல். வலிக்கு ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். நாலாம் நாள் கல் தானாகவே வெளியேறியது. ரிப்போர்ட் இருந்த பெரிய மண்ணிற உறை அலுமாரியின் தலைக்கு மேலே போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்து வேறு ஏதோ காகிதம் தேடும்போது அந்த உறை கையில் பட்டது. அன்றைக்குத்தான் ரிப்போர்ட்டை முழுதாக வாசித்தேன். கல்லைப் பற்றியெல்லாம் எழுதி முடித்த பிறகு, இரண்டாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி: “வலது நுரையீரலின் அடிப்பகுதியில் 7 மில்லிமீற்றர் முடிச்சு ஒன்று தெரிகிறது, நெஞ்சுக்குத் தனியாக சிடி எடுத்துப் பார்ப்பது நல்லது.”

முடிச்சு என்றால் படத்தில் சின்ன உருண்டைபோலத் தெரியும் ஒரு புள்ளி. இதை எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

இப்போது எங்கே போனாலும் “ஏஐ ஸ்கேனைப் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடுமாம்” என்று கதைக்கிறார்கள். அப்படியான கருவிகள் இருக்கின்றன. ஆனால் நான் இங்கே சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அவை படத்தைப் பார்க்கும் கணினிகள். நான் சொல்லப்போவது, டொக்டர்கள் எழுதிவைத்த ஸ்கேன் அறிக்கையின் எழுத்தை வாசிக்கும் கணினி. சித்தப்பாவின் படத்தைப் பார்த்த டொக்டர் எதையும் தவறவிடவில்லை. கண்டார், அளந்தார், எழுதியும் வைத்தார். எழுதிய பிறகுதான் அது தொலைந்தது.

பாஸ் சொல்லிவிட்டுப் போன சேதி

பிளாட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பிங் வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் கூரைத் தகட்டைக் கழற்றிக் குழாயைச் சரிசெய்கிறார். அப்போது பக்கத்தில் போகிற மின்கம்பி ஒன்றின் உறை உரிந்திருப்பது அவர் கண்ணில் படுகிறது. அது அவர் வேலை இல்லை. இருந்தாலும் நல்ல மனுசன், வீட்டில் நின்ற பாட்டியிடம் “கம்பி ஒன்று பழுதாக இருக்கு, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போகிறார். பாட்டி தலையாட்டுகிறார். நீங்கள் வேலை முடிந்து வரும்போது குழாய் ஒழுகவில்லை. காசும் கொடுத்தாயிற்று. கம்பியைப் பற்றி யாருக்கும் ஞாபகமில்லை.

பார்த்தவர் ஒருவர், கேட்டவர் இன்னொருவர், செய்ய வேண்டியவர் மூன்றாமவர். ஸ்கேன் விஷயத்திலும் இதேதான். படத்தை வாசித்து அறிக்கை எழுதுபவர் கதிரியல் வைத்தியர். அவர் பெரும்பாலும் நோயாளியைக் காண்பதே இல்லை. அறிக்கை போவது ஸ்கேன் எழுதிக்கொடுத்த டொக்டருக்கு. அவர் நடுச்சாமத்தில் பத்து நோயாளிகளுக்கு நடுவே நிற்பவர். கல் இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவருக்கு அப்போது தேவை. முதல் வரியிலேயே பதில் கிடைத்துவிட்டால் இரண்டாம் பக்கத்துக்கு ஏன் போகிறார்?

எந்தக் காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தார்களோ அதோடு சம்பந்தமில்லாமல், போகிற போக்கில் கண்ணில் படுவதைத் தற்செயல் கண்டறிவு என்று சொல்லலாம். டொக்டர்களிடம் இதற்கு ‘இன்சிடென்டலோமா’ என்று பாதி கேலியான பெயரும் உண்டு. கட்டிகளின் பெயர்கள் பல ‘ஓமா’ என்று முடியுமல்லவா, அந்த வால்தான் இது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் தற்செயலாகத் தெரிந்த கட்டிகளைப் பற்றி எழுதும்போது 1982இல் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. சிடி ஸ்கேன் ஆஸ்பத்திரிகளில் பரவத் தொடங்கிய காலம் அது.

இடுப்பு வலிக்கு எடுத்த படத்தில் நுரையீரல் எப்படி வந்தது?

நியாயமான கேள்வி. சிடி ஸ்கேன் உடம்பைப் பாண் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாகப் படமெடுக்கிறது. சிறுநீரகத்தை மட்டும் கத்தரித்து எடுக்க முடியாது. மேல் எல்லையில் நுரையீரலின் அடியும் கீழ் எல்லையில் இடுப்பெலும்பும், நடுவில் ஈரல், பித்தப்பை, பெரிய இரத்தக்குழாய் எல்லாமும் சேர்ந்து விழும். கதிரியல் வைத்தியர் அத்தனையையும் பார்த்தாக வேண்டும்.

அப்படிப் பார்க்கும்போது கண்ணில் படுபவற்றில் பெரும்பகுதி ஒன்றுமே இல்லாதவை. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, ஈரலில் இரத்தக்குழாய்த் திரட்சி, நுரையீரலில் எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு. வயது போகப் போக எங்கள் எல்லோருடைய உடம்பிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். ஆனால் சில மட்டும் அப்படியில்லை. வளரத் தொடங்கிய சிறு புற்றுநோயாக இருக்கலாம். வயிற்றுப் பெருநாடி 3 சென்டிமீற்றரைத் தாண்டி வீங்கியிருக்கலாம். அது பெருத்துக்கொண்டே போனால் ஒரு நாள் வெடிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் செய்வதற்கு வழி இருக்கிறது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தேடாத ஒன்று படத்தில் தெரிகிறது, டொக்டர் அதை எழுதிவிடுகிறார், அது உரியவரைப் போய்ச் சேருவதில்லை. ஆகவே எழுதப்பட்ட அறிக்கைகளை எல்லாம் ஒரு கணினி திரும்ப வாசித்து, “இதில் ஒரு சேதி கிடக்கிறது” என்று கொடி காட்டினால் என்ன? இனி அது எப்படி என்று பார்ப்போம். அறிக்கைகள் இங்கே ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. நான் உதாரணங்களைத் தமிழாக்கித் தருகிறேன்.

‘முடிச்சு’ என்று தேடினால் போதாதா?

முதலில் தோன்றுவது அதுதான். போனில் பெயரைத் தேடுவதுபோல அறிக்கைகளில் ‘முடிச்சு’ என்ற சொல்லைத் தேடலாம். அரை மணித்தியாலத்தில் எழுதிவிடக்கூடிய புரோகிராம். ஓட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான அறிக்கைகள் வந்து விழும். திறந்து பார்த்தால் பலவற்றில் இருப்பது இந்த வரி: “நுரையீரலில் முடிச்சு எதுவும் இல்லை.”

கதிரியல் அறிக்கையின் குணமே இது. இருப்பதைவிட இல்லாததைப் பற்றித்தான் அதில் நிறைய எழுதியிருக்கும். நீர் கோர்க்கவில்லை, முறிவு இல்லை, வீக்கம் இல்லை, முடிச்சு இல்லை. அது டொக்டர் கவனமாகப் பார்த்தார் என்பதற்கான அத்தாட்சி. ஆனால் வெறும் சொல்லைத் தேடும் கணினிக்கு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

இதற்குப் பழைய, எளிமையான மருந்து ஒன்று இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வென்டி சாப்மனும் அவருடன் வேலை செய்தவர்களும் ‘நெக்எக்ஸ்’ என்ற ஒரு முறையை வெளியிட்டார்கள். மறுப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வது, நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சில சொற்களுக்குள் அவற்றில் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது, வந்தால் அந்த நோயை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வது. அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘நோ’ என்பது பெரும்பாலும் முன்னால் வந்துவிடும். கணினி அங்கிருந்து சில சொற்கள் முன்னோக்கி நடந்தால் போதும். எங்கள் ஆட்கள் தமிழில் அறிக்கை எழுதியிருந்தால் ‘இல்லை’ என்பதற்காக வசனத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருக்கும்!

இந்தச் சின்ன விதி ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக வேலை செய்தது. ஆனாலும் பொறிகள் உண்டு. “முடிச்சின் அளவில் மாற்றம் இல்லை” என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இல்லை’ இருக்கிறது, முடிச்சும் இருக்கிறது. இல்லாதது மாற்றம்தான். இப்படிப் பொய்யாக மறுக்கும் தொடர்களுக்கும் அந்த முறையில் தனிப் பட்டியல் வைத்திருந்தார்கள். அப்புறம் “புற்றுநோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது” என்ற வகை. இது ஆமாவா, இல்லையா? எழுதியவரைக் கேட்டால் அவரே “ரெண்டும்தான்” என்பார். கதிரியல் வைத்தியர்கள் இப்படி மழுப்பி எழுதுவதில் தேர்ந்தவர்கள். குறை சொல்லவில்லை. நிழலைப் பார்த்து ஆளைச் சொல்லும் வேலையில் அடித்துச் சொல்வதுதான் ஆபத்து.

வேறு சில்லறைத் தொல்லைகளும் இருக்கின்றன. ஒரே பொருளை ஒருவர் ‘நொடியூல்’ என்பார், இன்னொருவர் ‘லீஷன்’ என்பார், மூன்றாமவர் ‘ஒபாசிட்டி’ என்று எழுதுவார். 7 மில்லிமீற்றரை 0.7 சென்டிமீற்றர் என்று எழுதுபவரும் உண்டு. பேசுவதைத் தட்டச்சாக்கும் மென்பொருளில் சொல்லி எழுதுபவராக இருந்தால், ‘நோ’ என்ற சின்னச் சொல்லை அது முழுங்கிவிட்டாலே அறிக்கையின் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

எதற்காக எடுத்த ஸ்கேன் என்று தெரிய வேண்டும்

சரி, இல்லாததைக் கழித்துவிட்டோம். மிச்சமிருப்பதெல்லாம் தற்செயல் கண்டறிவுதானா? இல்லை. என் பார்வையில், இந்த விஷயத்தைப் பற்றிக் கதைப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

‘தற்செயல்’ என்பது முடிச்சின் குணம் அல்ல. கேட்ட கேள்விக்கும் கிடைத்த பதிலுக்கும் உள்ள உறவு. “நுரையீரலில் 7 மில்லிமீற்றர் முடிச்சு” என்ற அதே வரி, கல்லுக்காக ஸ்கேன் எடுத்த சித்தப்பாவுக்குத் தற்செயல். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது தற்செயல் இல்லை. அவருக்கு ஸ்கேன் எடுத்ததே அப்படி ஏதாவது பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு சொல்கூட மாறவில்லை, பதில் மாறிவிட்டது.

ஆகவே கணினி அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசித்தால் போதாது. அறிக்கையின் மேற்பகுதியில் ஸ்கேன் எடுத்த காரணம் இருக்கும், நடுவில் கண்டவை, கடைசியில் முடிவுரை. மூன்றையும் சேர்த்து வாசிக்க வேண்டும். “2 வருடத்துக்கு முந்திய ஸ்கேனிலும் இதே அளவில் இருந்தது” என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் பெரும்பாலும் கொடி தேவையில்லை. காரணம் எழுதும் இடத்தில் வெறுமனே ‘வயிற்று வலி’ என்று இரண்டு சொல் மட்டும் இருந்தால், கணினி என்ன, மனிதரே திணறித்தான் போவார்.

விதி எழுதுவதை விட்டு, உதாரணம் காட்டுவது

இத்தனை நுணுக்கத்துக்கும் விதி எழுதிக்கொண்டே போனால் முடிவே இராது. அதனால் வேறு வழிக்குப் போனார்கள். சில ஆயிரம் அறிக்கைகளை டொக்டர்களிடம் கொடுத்து, தற்செயல் கண்டறிவு உள்ள வசனங்களில் அடையாளம் போடச் சொல்வது. பிறகு அந்த அடையாளங்களைக் கணினிக்குக் காட்டி, எப்படிப்பட்ட வசனம் எந்தப் பக்கம் விழுகிறது என்று அதையே பழகச் சொல்வது. இதுதான் இயந்திரக் கற்றல். சின்னப் பிள்ளைக்கு மாங்காயையும் மாம்பழத்தையும் நாம் இலக்கணம் சொல்லியா பழக்குகிறோம்?

கணினிக்குக் கொஞ்சம் மொழியறிவு இருந்தால் பழகுவது இன்னும் சுலபம். 2018இல் கூகுள் வெளியிட்ட ‘பெர்ட்’ அந்த வகை. பெருந்தொகையான எழுத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொற்களை மறைத்துவிட்டு, மறைந்த சொல் என்ன என்று கணிக்கச் சொல்லிப் பழக்கினார்கள். “காலையில் ஒரு ______ குடித்துவிட்டு கிளினிக்குக் கிளம்பினேன்” என்றால் நீங்களும் நானும் ‘பிளேன்டீ’ என்போம். ‘நாற்காலி’ என்று சொல்ல மாட்டோம். முன்னும் பின்னும் இருக்கும் சொற்கள்தான் நமக்கு அதைச் சொல்லித் தருகின்றன. இப்படிப் பழகிய கணினிக்கு ‘நொடியூல்’, ‘லீஷன்’ என்பன ஒரே இடத்தில் வரும் உறவுக்காரச் சொற்கள் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

இப்போது எல்லோர் வாயிலும் அடிபடுவது பெரிய மொழி மாதிரிகள், சாட்ஜிபிடி மாதிரியானவை. இவற்றுக்கு ஆயிரம் உதாரணம் காட்டத் தேவையில்லை. “இந்த அறிக்கையில், ஸ்கேன் எடுத்த காரணத்தோடு சம்பந்தமில்லாத, தொடர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம் ஏதாவது இருக்கிறதா?” என்று சாதாரணப் பேச்சில் கேட்டாலே போதும். வசதிதான். ஆனால் இல்லாததை இருப்பதுபோல அழகாக எழுதிவிடும் கெட்ட பழக்கம் இவற்றுக்கு உண்டு. அதற்கு ஒரு கடிவாளம் போடலாம். பதிலோடு சேர்த்து, அறிக்கையில் அதற்கு ஆதாரமான வசனத்தை ஓர் எழுத்தும் மாறாமல் எடுத்துத் தரச் சொல்வது. அந்த வசனம் அறிக்கையில் உண்மையிலேயே இருக்கிறதா என்று இன்னொரு சாதாரண புரோகிராம் ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லையென்றால் பதில் குப்பைக்கூடைக்கு.

இன்னொன்று. ஒருவருடைய அறிக்கையை இணையத்தில் இருக்கும் வெளிநாட்டுச் சேவைக்கு அப்படியே அனுப்புவது விளையாட்டு இல்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரிய வகையாக வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓடக்கூடிய சிறிய மாதிரிகளைப் பலர் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக: சொல்லைத் தேடுவதில் தொடங்கி, ‘இல்லை’யைக் கழித்து, காரணத்தோடு சேர்த்து வாசித்து, கடைசியில் உதாரணத்திலிருந்தும் மொழிப் பழக்கத்திலிருந்தும் ஊகிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம். எந்தப் படியிலும் கணினி படத்தைப் பார்க்கவில்லை.

“95 வீதம் சரி” என்றால் என்ன?

இப்படி யாராவது விளம்பரம் செய்தால் உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். 1000 அறிக்கைகள். அவற்றில் 50இல் உண்மையான தற்செயல் கண்டறிவு இருக்கிறது. நம் கணினி 90 அறிக்கைகளுக்குக் கொடி காட்டுகிறது. அதில் 45 சரி, 45 வீண். உண்மையான 5ஐத் தவறவிட்டது. மொத்தத்தில் 950 அறிக்கைகளில் அது சொன்னது சரி. 95 வீதம்.

இப்போது ஒரு சோம்பேறிக் கணினி. எந்த அறிக்கையைக் கொடுத்தாலும் வாசிக்காமலேயே “ஒன்றுமில்லை” என்கிறது. இதுவும் 950இல் சரி! இதுவும் 95 வீதம்தான்.

அதனால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். இருந்த 50இல் எத்தனையைப் பிடித்தது? இது மீட்பு வீதம்: நம் கணினிக்கு 50இல் 45, அதாவது 90 வீதம், சோம்பேறிக்கு பூச்சியம். காட்டிய 90 கொடிகளில் எத்தனை உண்மை? இது துல்லிய வீதம்: நம் கணினிக்கு 90இல் 45, அதாவது 50 வீதம். பெரும்பாலும் ஒன்றைக் கூட்டப்போனால் மற்றது இறங்கும். வீண் கொடிகள் அதிகமானால் பார்க்கிற தாதிக்கு அலுத்துப்போய், உண்மையான கொடியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். கொடிகளைக் குறைத்தால் ஒரு சித்தப்பா பிடிபடாமல் போவார்.

பிடித்ததையெல்லாம் துரத்துவதா?

மருத்துவத்தில் ‘எவ்வளவு கூடப் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது’ என்ற நினைப்பு எங்கள் ஆட்களிடம் பலமாக இருக்கிறது. தென்கொரியாவின் கதையைக் கேட்டால் கொஞ்சம் தெளியும். அங்கே உடல்நலப் பரிசோதனைகளோடு சேர்த்துத் தைரொய்டுக்கும் அல்ட்ராசவுண்ட் பார்ப்பது பரவியது. 2011இல் தைரொய்ட் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோரின் வீதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு. ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் வீதம் ஏறக்குறைய அசையவே இல்லை. அதாவது, வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கும் புள்ளிகளுக்காகப் பலர் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஹோர்மோன் மாத்திரை.

எதைத் தொடர வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதற்கு அதனால்தான் வழிகாட்டிகள் எழுதியிருக்கிறார்கள். நுரையீரல் முடிச்சுகளுக்குப் பலரும் பயன்படுத்துவது, நெஞ்சுப் பகுதிக் கதிரியலுக்கான சர்வதேச அமைப்பான ஃப்ளெய்ஷ்னர் சங்கம் 2017இல் புதுப்பித்தது. 35 வயதுக்கு மேற்பட்ட, புற்றுநோய் இல்லாத, நோயெதிர்ப்புச் சக்தி குன்றாத ஒருவரிடம் 6 மில்லிமீற்றருக்குக் குறைந்த திண்மையான ஒற்றை முடிச்சு தெரிந்தால், ஆபத்துக் காரணிகளும் இல்லாதபோது திரும்ப ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. 6 முதல் 8 வரை என்றால் 6 தொடக்கம் 12 மாதத்தில் ஒரு தடவை பார்க்கலாம். 8ஐத் தாண்டினால் 3 மாதத்தில் இன்னொரு சிடி, அல்லது அதைவிட ஆழமான பரிசோதனை. நல்ல கணினி ‘முடிச்சு இருக்கிறது’ என்பதோடு நிற்காமல் அளவையும் வயதையும் எடுத்து, இந்த விதியின் எந்தப் படியில் விழுகிறது என்றும் காட்ட வேண்டும். சிகிச்சை பற்றிய முடிவு எப்போதும் டொக்டருடையதுதான்.

சித்தப்பாவின் முடிச்சு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். நெஞ்சு சிடி எடுத்தோம். இரண்டு வருடத்தில் இம்மிகூட வளரவில்லை. பழைய தழும்பாக இருக்கும், விட்டுவிடலாம் என்றார் டொக்டர். எனக்குக் கோபம் ஆறவில்லை. சித்தப்பாவோ “முதலே சொல்லியிருந்தா ரெண்டு வருஷமும் நித்திரையில்லாமல் கிடந்திருப்பன்” என்று சிரித்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வளர்ந்திருந்தால் இந்தச் சிரிப்பு இருந்திருக்காது என்பதும் நியாயம்தான்.

கொடி காட்டிய பிறகு

கணினி கொடி காட்டிவிட்டது. இப்போது யாரிடம் சொல்வது? கொழும்பில் இது லேசான கேள்வி இல்லை. இங்கே குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலேயே யாரும் தாம் விரும்பிய நிபுணரைச் சனல் பண்ணலாம். இன்றைக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அடுத்த மாதம் அரசாங்க கிளினிக். அறிக்கைகளைச் சுமந்து திரிபவர் நோயாளிதான். தேசிய வைத்தியசாலைக்கு நாட்டின் நாலா பக்கமிருந்தும் வருவார்கள். சிகிச்சை முடிந்ததும் ஹட்டனுக்கோ மன்னாருக்கோ திரும்பிவிடுவார்கள். ‘இந்த நோயாளிக்கு நான் பொறுப்பு’ என்று சொல்ல நிரந்தரமான ஒருவர் பலருக்கு இல்லை.

பெயர் இன்னொரு சிக்கல். சிவகுமார் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். முதலெழுத்து முன்னால் ஒரு தடவை, தகப்பன் பெயர் பின்னால் ஒரு தடவை. பழைய ஸ்கேனையும் புதிய ஸ்கேனையும் ஒரே ஆளுடையது என்று கணினி சேர்க்காவிட்டால் “வளர்ந்ததா?” என்ற கேள்விக்கே இடமில்லை. அடையாள அட்டை இலக்கத்தால் சேர்க்கலாம் என்றால், ஒரு பதிவில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமான பழைய எண்ணும் இன்னொன்றில் பன்னிரண்டு இலக்கப் புதிய எண்ணும் இருக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று மாற்றிப் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

இதனால் ஒழுங்காகச் செய்யும் இடங்களில் கொடியை ஒரு பட்டியலில் போட்டு, அதற்கென்று ஓர் ஆளை வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அனுபவமுள்ள தாதி. அவர் அறிக்கையைத் திறந்து கொடி சரியா என்று பார்ப்பார். சரியென்றால் டொக்டருக்கும் நோயாளிக்கும் அறிவிப்பார். அடுத்த ஸ்கேன் எடுத்து முடியும்வரை, அல்லது தேவையில்லை என்று டொக்டர் எழுதும்வரை, அந்தப் பெயர் பட்டியலை விட்டுப் போகாது. தவணை கடந்தால் சிவப்பாகும். இந்தப் பகுதியில் ஏஐ எதுவும் இல்லை; ஒரு பட்டியலும் ஒரு தொலைபேசியும்தான். ஆனால் காசு ஒதுக்கும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான்.

தொலைபேசி என்றதும் ஞாபகம் வருகிறது. சித்தப்பா தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டார். ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் வந்தால் ஏதோ விளம்பரம் என்று அழித்துவிடுவார். ரிப்போர்ட்டில் தொடர்புக்கு என் நம்பரைத்தான் இப்போது எழுதிக் கொடுக்கிறோம்.